பேசாப் படத்துக்கு இசைத்த கைகள்

சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் நின்று மேற்கே நோக்கினால், பச்சை மலையின் மேனியில் வெள்ளைக் கோடு இழுத்தாற்போல அருவி தெரியும். அவ்வளவு தொலைவில் அது ஓசையற்ற காட்சி. நடந்து அருகே செல்லச் செல்ல மெல்லிய இரைச்சல் எழும். அருவிக்கரையை அடைந்துவிட்டாலோ பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் நம் செவியில் விழாது. முதலில் கண்ணுக்கு மட்டுமே தோன்றியது பின்னர் செவியையும் நிறைத்துவிடுகிறது.

திரைப்படத்தின் வரலாற்றையும் நம்மில் பலர் இப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். முதலில் ஊமைப்படம் இருந்தது. 1931-ல் அது பேசத் தொடங்கிற்று. அதற்கு முன்னர் மக்கள் கொட்டகையில் ஓசையின்றி அமர்ந்து படம் பார்த்தனர் என்பது பொதுவான எண்ணம். வரலாற்றை நெருங்கிச் சென்று பார்த்தால் இவ்வெண்ணம் நிலைக்கவில்லை. படச்சுருள்தான் ஊமையே அன்றி, அது ஓடிய கொட்டகை ஒருநாளும் ஊமையாக இருந்ததில்லை. திரையின் அருகே, விளக்கணைந்த இருளில், ஒருவர் அமர்ந்து இசைத்துக்கொண்டே இருந்தார். மேலை நாடுகளில் அவர் கையில் பியானோ இருந்தது. நம் நாட்டில் ஆர்மோனியம் இருந்தது. அந்தக் கைகளின் வரலாற்றையே இக்கட்டுரையில் காண முற்படுகின்றோம்.

இசையைக் குறித்து நம் மார்க்க அறிஞரிடையே நிலவும் கருத்து வேறுபாடுகளை வாசகர்கள் அறிவர். அவ்வழக்கில் தீர்ப்புரைக்க நாம் முன்வரவில்லை. உழைத்துப் பிழைத்த ஒரு கூட்டத்தார் எப்படி வந்தனர், எப்படி மறைந்தனர், அவர்களுடைய பெயர்கள் ஏன் நிலைக்கவில்லை என்பதே நம் கேள்வி.

பாரிசில் ஒரு பியானோ

1895 டிசம்பர் 28-ஆம் நாள் பாரிசு நகரின் கிராண்ட் கஃபே என்னும் விடுதியின் கீழ்த்தளத்தில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு படம் காட்டினார்கள். திரைப்பட வரலாற்றின் பிறந்தநாளாக உலகம் கொண்டாடும் அக்காட்சியிலேயே ஒருவர் பியானோ வாசித்தார். அடுத்த ஆண்டு, 1896 ஜூலை 7-ஆம் நாள், அவர்களுடைய படங்கள் பம்பாயில் வாட்சன் ஓட்டலில் காட்டப்பட்டன. அதன்பின் நாவல்டி அரங்குக்கு அக்காட்சிகள் மாறியபோது, படங்களுக்கு ஏற்ற இசையும் உண்டு என்று விளம்பரம் செய்யப்பட்டது. ஆக, படம் நம் நாட்டுக்கு வந்தபோதே இசையையும் கைப்பிடித்துக்கொண்டுதான் வந்தது.

இசை ஏன் தேவைப்பட்டது? காரணங்கள் பல. படம் காட்டும் கருவியின் கடகடப்பு ஓயாமல் காதில் விழுந்துகொண்டிருந்தது. அதை மறைக்க வேண்டியிருந்தது. இருளில் உயிருள்ளவர் போல அசைந்தும் வாய்திறந்தும் ஓசையின்றித் தோன்றும் உருவங்கள், புதிதாகக் காண்போருக்கு ஒருவித அச்சத்தைத் தந்தன. அதைப் போக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, திரையில் நிகழ்வது துயரமா, களிப்பா, வரப்போகும் ஆபத்தா என்பதை எழுத்தறியாதவரும் உணரும்படி சொல்ல வேண்டியிருந்தது.

இவற்றை எல்லாம் ஒரே ஆள் செய்தார். பெருநகர அரங்குகளில் வாத்தியக் குழு இருந்ததுண்டு. சிறிய அரங்குகளில் ஒரு பியானோவும் அதை வாசிக்கும் ஒருவருமே இருந்தனர். அவருடைய கண் திரையில் இருக்கும். கைகள் கட்டைகளில் இருக்கும். காதலர் சந்திக்கும்போது வலக்கை இனிய மெட்டொன்றை நீட்டி வாசிக்கும். கொடியவன் கதவருகே பதுங்கும்போது இடக்கை தாழ்ந்த சுரங்களை நடுங்கவிடும். துரத்தல் காட்சியில் இரு கைகளும் குதிரை வேகம் கொள்ளும். படம் அறுந்து நின்றுவிட்டால், அதை ஒட்டும்வரை கூட்டத்தை அமைதியாக வைத்திருப்பதும் அவர் பொறுப்பே.

இத்தொழிலுக்கென்று நூல்களும் எழுந்தன. 1924-ல் நியூயார்க்கில் எர்னோ ராப்பே என்பவர் வெளியிட்ட தொகுப்பு அவற்றுள் புகழ்பெற்றது. 52 வகை உணர்ச்சிகளுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் உரிய இசைத் துண்டுகளை அவர் அதில் திரட்டித் தந்தார். திருமணம், இழவு, போர், புகைவண்டி, கடற்புயல், பறவைகள் என்றெல்லாம் அவற்றின் பெயர்ப்பட்டியல் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அச்சிடப்பட்டிருந்தது. வாசித்துக்கொண்டே வேண்டிய பக்கத்தைச் சட்டெனப் புரட்டிக்கொள்ள அந்த ஏற்பாடு. அப்பட்டியலில் 'கீழை நாடு' என்பதும் ஒன்று. அரபு நாட்டுப் பாலைவனமாயினும், பாக்தாது நகரத்துக் கதையாயினும் ஏறத்தாழ அதே துண்டுகள் போதும் என்பது அன்றைய மேலை நாட்டாரின் கணிப்பு. நம்மைப் பற்றி அவர்கள் எவ்வளவு குறைவாக அறிந்திருந்தனர் என்பதற்கு அந்த ஒரு தலைப்பே சான்று. குறை எதுவாயினும், எழுதி வைத்ததால் அவர்களுடைய இசை இன்றும் இருக்கின்றது. அந்தத் தாள்களைத் தேடியெடுத்துப் பழைய படங்களுக்கு அதே பாங்கில் பியானோ வாசிக்கும் கலைஞர்கள் இன்றும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ளனர். இத்தாலியின் போர்தெனோனே நகரில் 1982 முதல் ஊமைப்படங்களுக்கென்றே விழா நடந்து வருகின்றது.

கூடாரம் சுமந்து வந்தோர்

சென்னைப் பட்டணத்தில் 1913-ல் மவுண்ட் ரோட்டில் எலக்ட்ரிக் தியேட்டர் என்னும் நிலையான படக்கொட்டகையை வார்விக் மேஜர் என்னும் ஆங்கிலேயர் கட்டினார். சில ஆண்டுகளில் அது அஞ்சல் துறையின் கைக்கு மாறியது. அண்ணா சாலை அஞ்சல் நிலைய வளாகத்தில் அக்கட்டடம் நிலைத்துநின்று, பின்னாளில் அஞ்சல்தலை சேகரிப்போர் கூடும் இடமாயிற்று. இத்தகைய பட்டணத்து அரங்குகள் ஐரோப்பியரையும் அவரையொத்த வசதி படைத்தோரையும் எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை. பியானோ அங்கேதான் பொருந்தியது.

ஆனால் பெருவாரியான தமிழ் மக்கள் முதன்முதலாகப் படம் பார்த்தது கட்டடத்தில் அன்று, கூடாரத்தில். திருச்சிராப்பள்ளியில் இரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான கொட்டகையை நிறுவினார்.

அவருக்கும் முன்னரே இத்தொழிலில் இறங்கிய முஸ்லிம் பெருமகன் ஒருவரை நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். சூரத்தைச் சேர்ந்த அப்துல்அலி யூசுப்அலி என்பவரே அவர். 1901-ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூர், சுமத்ரா, சாவகம், பர்மா, இலங்கை ஆகிய நாடுகளில் கூடாரம் அடித்துப் படம் காட்டிய அவர், 1908 முதல் இந்தியாவெங்கும் சுற்றினார். 100 அடி நீளமும் 50 அடி அகலமும் கொண்ட அவருடைய கூடாரத்தில் சுமார் 1,000 பேர் அமரலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் நம்மவர் பலர் சிங்கப்பூருக்குப் பிழைக்கச் சென்றனர். அவ்வூர்களின் பெயராலேயே அங்கே சங்கங்களும் தோன்றின. அக்கடல்வழியில்தான் யூசுப்அலியின் கூடாரமும் பயணம் செய்தது.

தென்காசிப் பக்கத்துக்கு வழி திறந்தது இருப்புப்பாதையே. திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து கொல்லம் வரை செல்லும் பாதை 1904-ல் நிறைவுற்றது. கருவிப்பெட்டி, கூடாரத் துணி, படச்சுருள் ஆகியவற்றுடன் ஊர்விட்டு ஊர் செல்லும் படக்காட்சித் தொழிலுக்கு இரயிலும் மாட்டுவண்டியுமே கால்கள். அப்பயணத்துக்குப் பியானோ ஒத்துவராது. சிறிய பியானோவே நாலைந்து ஆட்கள் சேர்ந்தாலன்றி அசையாது. அதன் எஃகுத் தந்திகளும் மரச்சட்டமும் ஈரக்காற்றில் சுருதி கெடும். சாரல் நனைக்கும் மலையடிவாரத்தில் அதை ஒரு பருவம் வைத்துக்கொண்டாலே வீணாகிவிடும்.

ஆர்மோனியமோ பெட்டிக்குள் அடங்கும், தலைச்சுமையாகவும் வரும். துருத்திக் காற்றில் அதிரும் உலோக ரீடுகள் தந்தியைப் போல அடிக்கடி சுருதி சேர்க்கப்பட வேண்டியவை அல்ல. பியானோவின் ஒலி தட்டியவுடன் எழுந்து தேய்ந்துவிடும். ஆர்மோனியத்தின் ஒலி காற்றுள்ளவரை நீண்டு நிற்கும். இக்கருவியும் பாரிசில் பிறந்ததே. 1842-ல் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் அங்கே அதற்குக் காப்புரிமை பெற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைத் தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தி இயக்கி மறுகையால் வாசிக்கும் வடிவுக்கு மாற்றினார். நாடக மேடைகளில் காலால் மிதித்து இரு கைகளாலும் வாசிக்கும் பெட்டியும் வழங்கியது. இவ்வாறு, பாரிசில் பிறந்த படமும் பாரிசில் பிறந்த பெட்டியும் தமிழகத்துக் கூடாரம் ஒன்றில் சந்தித்துக்கொண்டன. கூடவே தபலாவும் சேர்ந்துகொண்டது.

இன்னொருவரையும் குறிப்பிட வேண்டும். திரையருகே நின்று, திரையில் தோன்றும் எழுத்துகளைப் படித்துக் கதையை உரக்க விளக்குபவர் அவர். அவர் இருந்ததால்தான் எழுத்தறியாத மக்களுக்குப் படம் புரிந்தது. நம்மவருக்கு இது புதிய முறையே அன்று. ரபீஉல் அவ்வல் இரவுகளில் சீறாப்புராணத்தை ஒருவர் பாட, மற்றொருவர் பொருள் விரித்துரைக்க, ஊரே கூடியிருந்து கேட்ட மரபு நம்முடையது. ஏட்டிலுள்ளதைச் செவிக்குக் கொண்டுசேர்க்கும் அந்தப் பணியைத்தான் கொட்டகையில் விளக்குநர் வேறொரு பொருளைக் கொண்டு செய்தார்.

செங்கோட்டையின் குரல்

கொட்டகையில் ஆர்மோனியம் வாசித்தவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். அக்கருவி ஏற்கெனவே தமிழ் நாடக மேடையின் உயிர்நாடியாக இருந்தது. பாடகரின் சுருதியை 'இத்தனை கட்டை' என்று அளந்துரைக்கும் வழக்கமே ஆர்மோனியக் கட்டைகளை ஒட்டி எழுந்ததாகும்.

அந்த மேடையின் தலைசிறந்த குரல் தென்காசிக்கு அடுத்த செங்கோட்டையில் பிறந்தது. 1906-ல் பிறந்து, 1933 டிசம்பர் 2-ஆம் நாள் தம் 27-ஆம் வயதிலேயே மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலே அது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், மிக உயர்ந்த சுருதியில், அரங்கின் கடைசி வரிசைக்கும் கேட்குமாறு அவர் பாடினார். அவர் பாடியபோது ஆர்மோனியம் வாசித்தவர் அவருடைய தமையனார் காசி ஐயர். இன்று கிட்டப்பாவின் குரலைக் கிராமபோன் தட்டுகள் காத்து வைத்திருக்கின்றன. தமையனாரின் பெயரை நாம் அறிவதும் தம்பியின் பெயரைப் பற்றிக்கொண்டு அது வந்ததாலேயே. பாடுபவர் ஒளியில் நிற்க, துணை செய்பவர் நிழலில் அமர்வது இக்கலையின் இயல்பு. மேடையிலாவது அந்த நிழலில் ஒரு விளக்கு இருந்தது. படக்கொட்டகையிலோ அதுவும் அணைக்கப்பட்டிருந்தது.

ஒலி வந்தது, பிழைப்புப் போயிற்று

1927 அக்டோபரில் அமெரிக்காவில் 'ஜாஸ் சிங்கர்' என்னும் படம் வெளிவந்து பேசும் படத்தின் காலத்தைத் தொடங்கிவைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் மேலை நாடுகளின் கொட்டகைகளில் வாசித்துவந்த பல்லாயிரம் இசைவாணர் வேலை இழந்தனர்.

இந்தியாவில் அந்த மாற்றம் நிகழ்ந்த நாள் 1931 மார்ச் 14. அர்தேஷிர் இராணி எடுத்த 'ஆலம் ஆரா' என்னும் முதற் பேசும் படம் அன்று பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் வெளியாயிற்று. மெஜஸ்டிக்கை 1918-ல் இராணியுடன் கூட்டாக நடத்தத் தொடங்கியவர், நாம் முன்னர்க் கண்ட கூடாரக்காரர் யூசுப்அலியே. ஊமைப்படத்தை ஆசியாவெங்கும் சுமந்து சென்றவரின் அரங்கிலேயே ஊமைப்படக் காலமும் முடிவுக்கு வந்தது.

அப்படத்தின் முதற் பாடலைப் பாடியவர் வஸீர் முகம்மது கான். இறைவனின் பெயரால் கொடை கேட்கும் பக்கீராக அவர் தோன்றினார். பொட்டல்புதூர் கந்தூரிக்கு வரும் பக்கீர்மார் தாயிரா கொட்டிப் பாடுவதைக் கேட்டு வளர்ந்த நம் பகுதி மக்களுக்கு அக்காட்சி அந்நியமாக இருந்திருக்காது. பாடலுக்குத் துணை நின்றவை ஆர்மோனியமும் தபலாவும். பாட்டையும் படத்தையும் ஒரே நேரத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்த காலம் அது. ஆகவே வாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணில் படாமல் மறைந்திருந்து வாசித்தார்கள். கொட்டகையின் இருளிலிருந்து வெளியே வந்த பின்னரும் அவர்களுக்கு மறைவிடமே வாய்த்தது. அதே ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் 'காளிதாஸ்' சென்னையில் வெளியாகி, தமிழ் பேசும் படத்தின் காலம் பிறந்தது. ஒலிக்கருவி பொருத்தப்பட்ட ஒவ்வோர் ஊரிலும் திரையருகே இருந்த ஆர்மோனியப் பெட்டி மூடப்பட்டது.

அந்த இசையில் எஞ்சியது என்ன? தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்களே ஏறத்தாழ முற்றிலும் அழிந்துவிட்டன. நடராஜ முதலியார் 1910-களின் பிற்பகுதியில் எடுத்த 'கீசக வதம்' இன்று இல்லை. தப்பிப் பிழைத்த ஒன்று 'மார்த்தாண்ட வர்மா'. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து, பி.வி. ராவ் இயக்கி, 1930-களின் தொடக்கத்தில் வெளிவந்த படம் அது. சி.வி. இராமன் பிள்ளையின் நாவலைத் தழுவியது. அந்நாவலில், குத்துண்டு கிடக்கும் அனந்தபத்மநாபனைக் காப்பாற்றிப் பேணுவோர் பட்டாணிய முஸ்லிம் வணிகர்கள் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்வளிக்கும் செய்தி. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் அதன் வழிவந்த திருவிதாங்கூர்-கொச்சியிலும் சேர்ந்திருந்ததால், அக்கதை நடக்கும் அரசின் வரலாறு இப்பகுதியின் வரலாறுமாகும்.

நாவலின் பதிப்புரிமை பெற்றிருந்த வெளியீட்டாளர் வழக்குத் தொடுத்ததால் படம் பறிமுதல் செய்யப்பட்டது. அதனால் பல்லாண்டு ஓடாமல் முடங்கிக் கிடந்தது. முடங்கியதாலேயே தேயாமல் பிழைத்தது. 1974-ல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைக் கண்டெடுத்தது. இன்று அதைக் காண்போர் படத்தைக் காணலாம். அது திருவனந்தபுரத்தில் ஓடியபோது திரையருகே எழுந்த இசையைக் கேட்க இயலாது. மேலை நாட்டுப் பியானோக்காரர்களுக்குத் தாள்கள் இருந்தன. நம்மவர்களோ மனத்திலிருந்து வாசித்தார்கள். வழக்கு மன்றம் பறிமுதல் செய்வதற்கும் அங்கே ஒரு தாள் இல்லை.

இருளில் வாசித்தவரின் தீர்ப்பு

வேலை இழந்த கருவிக்கு இன்னோர் அடியும் விழுந்தது. அதைக் கொடுத்தவரின் கதை வியப்புக்குரியது. ஜான் ஃபோல்ட்ஸ் என்னும் ஆங்கிலேய இசையமைப்பாளர் 1927-ல் பாரிசுக்குச் சென்று, அங்கே ஊமைப்படங்களுக்குத் துணையிசை வாசித்துப் பிழைத்தார். 1935-ல் இந்தியா வந்தவர் தில்லியில் அகில இந்திய வானொலியின் மேலை இசைப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். இந்திய இசைக் கருவிகளைக் கொண்டே ஒரு வாத்தியக் குழுவை அமைக்க அரும்பாடுபட்டார். இந்திய இசையின்மீது அவருக்கிருந்த பற்று உண்மையானது. அந்தப் பற்றினாலேயே ஆர்மோனியத்தை அவர் வெறுத்தார். பெயரிலேயே 'தீங்கு' என்னும் ஆங்கிலச் சொல் தொனிக்குமாறு தலைப்பிட்டு, 1938-ல் அதைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார்.

அவர் சொன்ன குற்றம் பொய்யன்று. ஆர்மோனியத்தில் ஓர் எட்டுச் சுரக் கோவைக்குள் பன்னிரண்டு கட்டைகள் அசையாமல் நிற்கின்றன. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அதில் எழாது. நம் இசையின் நுண்ணிய சுரங்கள் அக்கட்டைகளின் இடைவெளியில் விழுந்து மறைந்துவிடுகின்றன. தாகூரும் அக்கருவியை விரும்பவில்லை. ஃபோல்ட்ஸ் 1939 ஏப்ரலில் கல்கத்தாவில் காலராவுக்குப் பலியானார். 1940 மார்ச் 1 முதல் வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. 1971-ல் தான் அத்தடை தளரத் தொடங்கியது.

கருவியின் குறையை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை. ஆயினும் ஒன்று மனத்தை உறுத்துகின்றது. விளக்கணைந்த கொட்டகையில், கிடைத்த கருவியைக் கொண்டு, முன்பின் பாராத படத்துக்கு வாசித்து வயிறு கழுவுவது எத்தகைய தொழில் என்பதைத் தம் உடம்பால் அறிந்தவர் ஃபோல்ட்ஸ். அதே தொழிலைச் செய்த இந்நாட்டுத் தோழர்களின் கையிலிருந்த பெட்டியை அவர் குறையுடைய கருவியாக மட்டுமே கண்டார். பியானோவை வீட்டில் வைத்திருக்க வழியில்லாத, வீணைக்கும் சாரங்கிக்கும் பல்லாண்டுப் பயிற்சி பெற வாய்ப்பில்லாத எளியோருக்கு இசையின் வாயிலைத் திறந்ததும் அதே பெட்டிதான்.

லக்னோவில் ஒரு சிறுவன்

வானொலி கைவிட்ட கருவியைத் திரைப்படம் கைவிடவில்லை. இசையமைப்பாளர்கள் மெட்டுப் போட அமர்ந்தபோது அவர்கள் முன் இருந்தது ஆர்மோனியமே. அவர்களுள் ஒருவரின் இளமை நாம் தேடும் செய்திக்கு நேரான சான்றாக அமைகின்றது.

மர்ஹூம் நவ்ஷாத் அலி 1919-ல் லக்னோவில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோது இசைக்கருவிக் கடையொன்றில் ஆர்மோனியங்களைத் துடைத்தும் பழுது பார்த்தும் வேலை செய்தார். அந்நகரின் ராயல் தியேட்டரில் ஊமைப்படம் பார்க்கச் செல்வார். அங்கே உஸ்தாத் லத்தன் கானின் தலைமையில் ஒரு குழு வாசித்தது. அக்குழுவினர் முதலில் படத்தை ஒருமுறை பார்த்துக் குறிப்பெடுத்துக்கொள்வர். எக்காட்சிக்கு எந்தச் சுருதி, எந்த மெட்டு என்று முடிவு செய்வர். மாலையில் திரைக்கு முன் அமர்ந்து ஆர்மோனியம், தபலா, சிதார், வயலின் ஆகியவற்றால் இசைப்பர். காட்சிக்கு இசை எப்படிப் பொருந்த வேண்டும் என்னும் பாடத்தை அச்சிறுவன் கற்றது அவர்களிடமிருந்தே. பின்னாளில் 'முகலே ஆஸம்' போன்ற படங்களுக்கு இசையமைத்துப் புகழின் உச்சியை அடைந்து, 1981-க்குரிய தாதாசாகிப் பால்கே விருதையும் பெற்ற பின்னரும், அவர் அந்தக் கொட்டகையை மறக்கவில்லை. லத்தன் கானின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். 2006-ல் அவர் மறைந்தார். அந்தப் பெயர் மறையவில்லை.

நாடு முழுவதும் இருளில் வாசித்த எண்ணற்றோருள் லத்தன் கானின் பெயர் நமக்குக் கிடைத்திருப்பதற்குக் காரணம் என்ன? அவர் தம்மைப் பற்றி எழுதி வைத்தது அன்று. கேட்ட ஒரு சிறுவன் நினைவில் வைத்தான், வளர்ந்த பின் சொன்னான், அவ்வளவே.

இதன் மதிப்பு நம் சமுதாயத்துக்குத் தெரியாததன்று. ஒரு ஹதீஸைக் கேட்டால், அதை இவர் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று பெயர் பெயராகச் சொல்லிச் செல்லும் இஸ்னாத் முறையை உலகுக்குத் தந்தவர்கள் நாம். அந்தப் புனித அறிவுக்கும் கொட்டகை இசைக்கும் ஒப்புமை கூறுவது நம் கருத்தன்று. இடையில் ஒரு பெயர் விடுபட்டாலும் சங்கிலி அறுந்துவிடும் என்னும் விழிப்பை நம் முன்னோர் நமக்குப் பழக்கியிருக்கின்றனர் என்பதையே சொல்கின்றோம். அந்த விழிப்பை நம் உழைப்பாளர்களின் வரலாற்றுக்கும் நாம் நீட்டியிருக்கின்றோமா? பக்கீர்மாரின் தாயிராவும், நிக்காஹ் வீட்டில் ஆர்மோனியம் வைத்து இஸ்லாமியப் பாடல் பாடியவர்களின் குரலும், கடையநல்லூர்த் தறிகளின் முன் அமர்ந்தோர் பாடிய மெட்டும் யார் யாரிடமிருந்து யார் யாருக்கு வந்தன என்று எத்தனை வீடுகளில் சொல்ல முடியும்?

இதே மலையடிவாரத்தில்தான் இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் குற்றாலத்தில் வாழ்ந்து 1954-ல் மறைந்தார். அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் காக்கப்பட்டு அச்சேறியதால், கவிதையைப் பற்றி அவர் பேசிய பேச்சின் மணத்தை இன்றும் நுகர முடிகின்றது. பேச்சும் இசையைப் போலவே காற்றில் கரைவதுதான். காத்தவர் இருந்ததால் அது நின்றது.

ஊமைப்படத்தைக் கண்ட தலைமுறை இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகள் முதியோராக நம் வீடுகளில் இருக்கின்றனர். பரணில் கிடக்கும் பழைய ஆர்மோனியம் யாருடைய கைபட்டது என்று அவர்களைக் கேளுங்கள். மங்கிய புகைப்படத்தின் பின்புறத்தில் அதிலுள்ளோரின் பெயர்களை இன்றே எழுதி வையுங்கள். பாட்டனார் சிங்கப்பூரிலோ பினாங்கிலோ கண்ட கூடாரத்தைப் பற்றிச் சொன்னது நினைவிருந்தால், சொன்னவர் பெயரோடும் ஆண்டோடும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கிராமபோன் தட்டு இருந்தால், பாடியவர் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ஆர்மோனியம் வாசித்தவர் பெயர் இருக்கின்றதா என்று பாருங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும் அறுந்த சங்கிலியில் ஒரு கண்ணி சேரும்.

சாரல் அடங்கிய பின் குற்றாலத்து அருவி மெலியும். அடுத்த பருவத்தில் மீண்டும் இரையும். மனிதரின் கைகள் எழுப்பிய ஓசைக்கு அவ்வாறு மறுபருவம் இல்லை. கேட்டவர் சொன்னால்தான் அது உண்டு. செய்த வேலை சிறிதாயினும் அதை வீணாக்காதவன் அல்லாஹ். மறந்துபோன அந்தக் கைகளின் உழைப்பை நினைவுகூரும் நல்லெண்ணத்தை அவன் நமக்குத் தருவானாக!